மனுவும் பதிலும்: வண்ணாரப்பேட்டை முதல் எண்ணூர் வரை

கிழக்கிந்தியக் கம்பெனி 1640இல் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியதே துணி வாங்குவதற்காகத்தான். தறியிலிருந்து இறங்கிய துணி பழுப்பாக, பழைய கஞ்சி வாடையோடு இருக்கும். அதை அலசி, அடித்துத் துவைத்து, வெயிலில் வெளுத்து, மறுபடி கஞ்சி போட்டு மடித்தால்தான் கப்பலில் ஏற்ற முடியும். இந்த வேலைக்கு நல்ல தண்ணீரும் திறந்த வெளியும் வேண்டும். இன்றைய தங்கசாலைத் தெரு ஒரு காலத்தில் கம்பெனியின் ஆவணங்களில் வண்ணார் தெருவாக இருந்தது. ஊர் நெருக்கிக்கொண்டு வர, வெளுப்பவர்கள் வடக்கே நகர்ந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று.

ஏற்றுமதித் துணி இவர்கள் கையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போயிற்று. ஆனாலும் கூலி ஏன் குறைந்தது, கிழிந்த துணிக்கு யார் பொறுப்பு என்று கேட்க இவர்கள் நேராகக் கோட்டைக்குள் போய்விட முடியாது. கம்பெனி பேசியது தலைமை வணிகர்களோடு. 1680இல் இறந்த காசி வீரண்ணா அப்படிப்பட்ட ஒருவர். அவருக்குக் கீழே சிறு வணிகர்கள், துபாஷிகள், கணக்கப்பிள்ளைகள், சாதித் தலைக்கட்டுகள் என்று ஒரு படிவரிசை. கேள்வி இத்தனை பேர் வாயையும் கடந்து மேலே போக வேண்டும். பதில் அதே வழியில் கீழே இறங்க வேண்டும். நடுவில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியில் சொந்த ஆதாயமும் இருந்தது. போன கேள்வியும் வந்த பதிலும் வழியில் உருமாறியதில் வியப்பில்லை.

மனு எடுபடாதபோது ஊரை விட்டுப் போவது வழக்கம். 1680இல் துணியில் சித்திரம் தீட்டுவோர் கூட்டமாகச் சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, பட்டணத்துக்கு வரும் துணியை நிறுத்துவோம் என்று மிரட்டினார்கள். 1707இல் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்கிடையே எந்தத் தெரு யாருக்கு என்ற சச்சரவு முற்றியபோது, வலங்கைப் பிரிவைச் சேர்ந்த வண்ணாரும் படகோட்டிகளும் மீனவர்களும் அதே சாந்தோமுக்குப் பெயர்ந்தார்கள். அது கம்பெனியின் அதிகாரம் செல்லாத இடம். படகோட்டி இல்லாவிட்டால் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் மசூலாப் படகு அலையைத் தாண்டாது, வண்ணார் இல்லாவிட்டால் துணி கிடங்கிலேயே கிடக்கும். அப்போதைய கவர்னர் தாமஸ் பிட் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வரவேண்டியதாயிற்று. பதில் சொல்லாமல் இருப்பதன் செலவு பதில் சொல்வதன் செலவைவிட அதிகமாகிவிட்டது என்பதே இதன் உள்விஷயம். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் வடசென்னையில் நடந்த பல போராட்டங்களில் இந்தக் கணக்கே திரும்பத் திரும்ப வேறு உருவில் தெரிகிறது.

கம்பெனிக்குள்ளேயே சிலருக்கு இது புரிந்திருந்தது. வீட்டு வரிக்கு எதிர்ப்பு வலுத்ததைக் கண்ட லண்டன் தலைமையின் ஜோசையா சைல்ட், தங்கள் ஆட்களும் உட்கார்ந்திருக்கும் ஒரு சபை விதிக்கும் வரியை மக்கள் முணுமுணுக்காமல் கட்டுவார்கள் என்று கணக்குப் போட்டார். 1687 டிசம்பரில் சாசனம் தரப்பட்டு, 1688 செப்டம்பரில் மதராஸ் மாநகராட்சி தொடங்கியது. ஆல்டர்மேன்களில் இந்திய வணிகர்களும் இருந்தார்கள். கேள்வி கேட்க இடம் கொடுத்தால் பணம் வரும் என்ற எண்ணத்தில் பிறந்த அமைப்பு அது. பணம் எதிர்பார்த்தபடி வரவில்லை என்பது வேறு கதை.

வரிக்கு வந்த வேறொரு கேள்வியின் அடையாளம் இன்றும் தெருப்பெயராக நிற்கிறது. ஹைதர் அலியின் படை சென்னை வரை வந்துபோன பிறகு, 1769 முதல், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பும் பணியைப் பால் பென்ஃபீல்டு என்ற ஒப்பந்தக்காரர் செய்தார். செலவைக் குடிமக்களிடம் வரியாக வாங்கத் திட்டம் இருந்தது. வரி விதிக்கக் கம்பெனிக்கு என்ன உரிமை என்ற கேள்வி எழுந்தது. உறுதியான பதில் யாரிடமும் இல்லாததால் வரி வசூலாகவே இல்லை. மேற்கு மதிலை ஒட்டிய சாலைக்கு மட்டும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வடக்கு மதிலின் எச்சம் பழைய சிறைச்சாலை சாலையோரம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டை அந்த மதிலுக்கு வெளியே, வடக்கே விரிகிறது.

திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில் சொல்லப்படும் தலபுராணம் ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய குடியிருப்பு அது. காலெட்டின் பேட்டைதான் பேச்சில் காலடிப்பேட்டை ஆனது. கம்பெனி ஊழியர் வீரராகவன் தினமும் காஞ்சி வரதரைத் தரிசித்துவிட்டு வேலைக்கு வருவாராம். தாமதத்துக்குக் காரணம் கேட்ட காலெட், அவர் சொன்னதை நம்பாமல், இந்த நேரத்தில் காஞ்சியில் என்ன நடக்கிறது, சொல் பார்க்கலாம் என்றாராம். தேர் ஒரு முனையில் அசையாமல் நிற்கிறது என்று பதில் வந்தது. ஆள் அனுப்பி விசாரித்ததில் உண்மை என்று தெரியவே, கல்யாண வரதராஜர் கோயில் எழுந்தது என்பது கதை. வரலாறாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கதையைக் கட்டியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: ‘நீ பக்தனா’ என்று கேட்டிருந்தால் காலெட்டுக்குக் கிடைத்திருப்பது வெறும் வாய்வார்த்தை. சரிபார்க்கக்கூடிய ஒன்றைக் கேட்டதால்தான் பதிலுக்கு மதிப்பு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மனுவுக்குப் புதிய கைகள் கிடைத்தன. துணி வணிகத்தில் பொருள் சேர்த்த கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1844இல் ‘கிரசென்ட்’ பத்திரிகையைத் தொடங்கினார்; 1852 பிப்ரவரியில் சென்னை சுதேசி சங்கம் அவர் முயற்சியில் உருவானது. அதே ஆண்டு இறுதியில் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே நீண்ட மனு அனுப்பியது. உள்ளூர் அதிகாரிக்கு எழுதாமல் அவருக்கு மேலே, கடல் கடந்து எழுதியதற்குக் காரணம் உண்டு. கலெக்டரைப் பற்றி அரசுக்குப் புகார் எழுதினால், ‘மனுதாரர் கலெக்டரை அணுகவும்’ என்ற மேலெழுத்தோடு அது கலெக்டரிடமே திரும்பும். யார் மேல் புகாரோ அவரே விசாரணை அதிகாரி.

நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853இல் சென்னை வந்து மாவட்டங்களில் பயணம் செய்தார். லட்சுமிநரசு உடன் சென்றார். நிலவரி வசூலிக்கச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854 ஜூலையில் லண்டன் காமன்ஸ் சபையில் பேசப்பட்டது. உடனே விசாரணைக் குழு அமைக்க வேண்டிய கட்டாயம் சென்னை அரசுக்கு வந்தது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள்.

இந்தக் குழு அதுவரை நடக்காத ஒன்றைச் செய்தது. உங்களுக்கு என்ன நடந்தது என்று அரசே முன்வந்து குடியானவர்களைக் கேட்டது. நாட்டு மொழிகளில் அறிவிப்பு வெளியானது. 519 பேர் நேரில் வந்தார்கள். 1,440 முறையீடுகள் கடிதமாக வந்தன. ஆக 1,959. நேரில் வந்தவர்களில் பலர் நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்தவர்கள். கிட்டி என்ற மரக்கருவியில் விரல்களை நசுக்குவது, அண்ணாந்தாள் என்ற பெயரில் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனியவைத்து வெயிலில் நிறுத்துவது முதலியவை விவரமாகப் பதிவாயின. வரி பாக்கி சில ரூபாய்களாக இருந்த இடத்திலும் இவை நடந்தன.

1855 ஏப்ரலில் வந்த அறிக்கை, சித்திரவதை பரவலாக இருந்ததை ஒப்புக்கொண்டது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று அவர்களைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் பாதிக்கப்பட்டவன் நிவாரணம் பெறுவது எவ்வளவு கடினம் என்பதை அது எழுதியதுதான் பிற்காலத்துக்குப் பயன்பட்டது: தூரம், செலவு, நடுவில் நிற்கும் சிப்பந்திகள், மனுவைக் குற்றவாளியிடமே அனுப்பும் வழக்கம். வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே கையில் இருந்ததுதான் வேர் என்று தெரிந்து, 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டத்தால் சென்னை மாகாணத்தில் தனிப் போலீஸ் துறை உருவானது. காரல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்து எழுதியதால் உலகம் அறிந்தது. சென்னையில் அதை மூட்டிவிட்ட செட்டியாரை இன்று அறிந்தவர்கள் குறைவு.

சட்டசபையில் கேள்வி கேட்கும் உரிமை சொட்டுச் சொட்டாக வந்தது. 1861இல் அமைந்த சட்டசபைகளில் உறுப்பினர்கள் சட்ட வரைவைப் பற்றி மட்டுமே பேசலாம். 1892ஆம் ஆண்டுச் சட்டம் கேள்வி கேட்க அனுமதித்தது. கிடைத்த பதிலின் மேல் விவாதம் கிடையாது. மழுப்பலான பதில் வந்தாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 1909இல் கேள்வி கேட்டவர் மட்டும் துணைக்கேள்வி கேட்கலாம் என்றானது. 1919க்குப் பிறகு எந்த உறுப்பினரும் கேட்கலாம். துணைக்கேள்விதான் அமைச்சரைத் திணறவைக்கும். முதல் பதிலைச் செயலகம் எழுதிக் கொடுத்துவிடும், அடுத்ததற்குத் துறையைத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 முதல் நேரலையாகவும் ஒளிபரப்பாகிறது.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் மாநகராட்சி வழியாகவே வந்தது. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கத்தவரான பிட்டி தியாகராய செட்டியார் 1882 முதல் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் மாநகராட்சியில் இருந்தார். குழாய்த் தண்ணீர், சாக்கடை, சாலை என்று சபையில் கேட்கப்படும் கேள்விக்கு இங்கே உடனடிப் பலன் தெரியும், தெரியாவிட்டால் அதுவும் தெரியும். 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவரே மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராகவும் வந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் 1950இல் தொடங்கிய கல்லூரி அவர் பெயரில் இருக்கிறது.

தொழிற்சாலைக்குள் நிலைமை வேறு. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் தொழிலாளி மேஸ்திரியைக் கேள்வி கேட்டால் அன்றே வேலை போகும். அங்கே வாய் திறந்தது எதிர்பாராத இடத்தில். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரு வணிகர்கள் பெரம்பூரில் ஒரு பஜனைச் சபை நடத்தினார்கள். கதாகாலட்சேபம் கேட்க வந்த ஆலைத் தொழிலாளர்கள், முடிந்த பிறகு உட்கார்ந்து ஆலைக் கதையைப் பேசினார்கள். விடிவதற்குள் புறப்பட வேண்டும், நண்பகல் சோற்றுக்கு அரைமணி நேரம், அதற்குள் ஓடிப்போய்ச் சாப்பிட்டுத் திரும்ப வேண்டும், கேட் மூடினால் கூலி போயிற்று. இருவரும் அரசியல் செயல்பாட்டாளரான பி. பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா வாரந்தோறும் கூட்டம் போட்டுத் தொழிலாளர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை நிர்வாகத்திடம் எழுத்தில் வைத்தார். ‘கொடுமை நடக்கிறது’ என்று எழுதினால் நிர்வாகம் மறுத்துவிடலாம். சோற்றுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டால் மறுக்க இடமில்லை. அந்த இடைவேளைதான் முதலில் நீண்டது.

ஆலை உரிமையாளர்களான பின்னி நிறுவனம் 1920இல் உயர்நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவுக்குத் தடை வாங்கியது. தொழிலாளர்களைக் கூட்டி நிர்வாகத்தை எதிர்த்துப் பேசுவதே சட்டப்படி சதியாகலாம் என்ற நிலை அம்பலமானது. அதிலிருந்து பாதுகாப்புக் கொடுக்க வந்ததே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். கேள்வி கேட்பவருக்குத் தண்டனை வராது என்ற உறுதி இல்லாமல் கேள்விக்கு இடம் கொடுத்துப் பயனில்லை என்பதை இந்த வழக்கு காட்டியது.

இவற்றுக்கு இணையாகத் தெருவிலும் ஒரு கேள்விப் பழக்கம் வளர்ந்தது. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. திராவிட இயக்க மேடைகளில் கூட்டத்திலிருந்து துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி அனுப்பலாம், பேச்சாளர் படித்துப் பதில் சொல்வார். பெரியார் இதில் தேர்ந்தவர். எதிராளியின் கேள்வியை விரும்பி வாங்கினார். சீட்டுக்குப் பெயர் வேண்டாம் என்பதால் கூச்சமும் பயமும் குறைந்தன. தெருமுனைப் படிப்பகங்களில் ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, மற்றவர் குறுக்கே கேட்க, விவாதம் டீக்கடை வரை நீளும். வார இதழ்களின் கேள்வி பதில் பகுதிகள் இந்தச் சீட்டின் அச்சுவடிவம் எனலாம், அங்கே பதிலின் சுவைக்காகவே பல கேள்விகள் எழுதப்பட்டாலும்.

மீனவக் குப்பங்களில் ஊர்க்கூட்டம் இன்னும் பழைய முறையிலேயே நடக்கிறது. வலை, படகு, கடன், சண்டை எதுவானாலும் ஊர் நிர்வாகிகள் முன்னால் நின்று கேட்க வேண்டும். பதில் அங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி வரும். பெண்களுக்கு அங்கே நிற்க இடமில்லாததுதான் அதன் பெரிய குறை. மீனை விற்பதும் வீட்டுக்கணக்கைச் சமாளிப்பதும் அவர்களே என்பதால் இந்தக் குறை சிறியதல்ல.

அரசு அலுவலகத்துக்கு எழுதும் மனு இதற்கிடையே தனக்கென ஓர் உருவம் பெற்றுவிட்டது. 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு தமிழில் எழுதுவது இயல்பானது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, ஐயா வணக்கம், இப்படிக்கு. இந்தச் சட்டகத்துக்குள் வராத துயரத்தை அலுவலகம் படிக்காது என்று நம்பியவர்கள் நீதிமன்ற வாசலிலும் தாலுகா அலுவலகத்து வேப்பமர நிழலிலும் மனு எழுதுபவரைத் தேடிப் போனார்கள். தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்திருந்தவர் ஒரு வகையில் துபாஷியின் வாரிசு: பேச்சை அலுவலக மொழிக்கு மாற்றித் தருபவர். நல்ல மனு எழுதுபவர் முதலில் அரைமணி நேரம் கேள்வி கேட்பார். எந்தத் தேதி, எந்த சர்வே எண், இதற்கு முன் யாருக்கு எழுதினீர்கள், ரசீது இருக்கிறதா. அழுதுகொண்டு வந்தவர் கையில் கடைசியில் நான்கு வரியில் ஒரு கோரிக்கை இருக்கும். மோசமான மனு எழுதுபவர் இரண்டு பக்கம் இரக்கம் வழியும்படி அடித்துக் கொடுப்பார். அந்த மனு எங்கே போகும் என்பது அவருக்கும் தெரியும்.

ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் இயங்கும் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். வடசென்னையின் முதியோர் உதவித்தொகை, பட்டா, குடிசை மாற்று வீடு, மாற்றுத்திறனாளி அட்டை எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். கட்டடத்துக்குப் பெயர் தந்த சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னையில் மே தினம் கொண்டாடியவர், பின்னர் மாநகராட்சி உறுப்பினராகவும் இருந்தவர். குறைதீர்க்கும் நாளில் மனுவுக்கு எண் விழுகிறது, கணினியில் ஏறுகிறது. மாநகராட்சிப் புகாருக்கு 1913 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்குச் சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருகிறார்கள். 2015இல் வந்த அரசாணை 99, மனு கிடைத்த மூன்று நாளில் ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது.

இத்தனைக்கும் பிறகு வீட்டுக்கு வரும் தபாலில் பெரும்பாலும் ஒரே வாக்கியம் இருக்கும்: தங்கள் மனு மேல்நடவடிக்கைக்காக உரிய அலுவலருக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது. 1850களில் எழுதிய மேலெழுத்திலிருந்து இது அதிகம் நகரவில்லை. அனுப்பிய அலுவலகத்தின் பதிவேட்டில் மனு முடிக்கப்பட்டதாகிவிடும். மனுதாரருக்கு இன்னொரு வாசல் மட்டும் கிடைக்கும். இதில் தீய எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை. எத்தனை மனு முடிந்தது என்று எண்ணப்படும் இடத்தில் மனுக்கள் முடியத்தான் செய்யும்.

இந்த முடிச்சை அவிழ்க்க வேறொரு வகைக் கேள்வி தேவைப்பட்டது. ராஜஸ்தானின் பியாவரில் 1996இல் கிராமத்துத் தொழிலாளர்கள் நாற்பது நாள் தர்ணா இருந்து, கூலிப் பட்டியலின் நகலைக் கொடு என்று கேட்டார்கள். நீதி வேண்டும், இரக்கம் வேண்டும் என்பதைத் தாண்டி ஒரு குறிப்பிட்ட காகிதத்தைக் கேட்டதுதான் அந்தப் போராட்டத்தின் நுட்பம். சுவீடனில் 1766லேயே அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமை சட்டமாகியிருந்தது. தமிழ்நாடு 1997இல் இந்திய மாநிலங்களில் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. விலக்குகள் நீளமாக இருந்ததால் அதைப் பயன்படுத்தியவர்கள் சிலரே. 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம்தான் நிலைமையை மாற்றியது.

மனுவோடு ஒப்பிட்டால் அந்த மத்தியச் சட்டத்தின் வேலைப்பாடு விளங்கும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று அலுவலர் கேட்கக் கூடாது. பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளில் அங்கே மாற்றிவிட்டுக் கேட்டவருக்குச் சொல்ல வேண்டும். அதாவது ‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்பது இங்கே முடிவாகாது, கெடு ஓடிக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டாலோ போதாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம், அதுவும் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தச் சம்பளத்திலிருந்து.

இந்தச் சட்டத்தின் கீழும் கேட்கத் தெரியாமல் கேட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். எங்கள் தெருவில் ஏன் சாக்கடை அள்ளவில்லை என்று எழுதினால், விளக்கம் தரச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வரும். பதிவில் இருப்பதை மட்டுமே தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமும் 2011இல் உறுதி செய்தது. அதே ஆதங்கத்தை வேறு விதமாகக் கேட்கலாம். இன்ன தெருவில் இன்ன மாதத்தில் தூர்வாரியதற்கான பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்தக்காரருக்குத் தந்த தொகையின் பட்டியல் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்றால் அலுவலர் தேட வேண்டும். இருந்தால் தருவார். இல்லை என்று எழுத்தில் சொன்னால் அதுவே பெரிய பதில். சாலைக்குப் போட்ட பொருளின் மாதிரியை எடுத்துப் பரிசோதிக்கக் கேட்கும் உரிமையும் சட்டத்தில் உண்டு. பலருக்கு இது தெரியாது.

எண்ணூரில் இந்த வகைக் கேள்வி ஒரு வரைபடத்தை வெளியே கொண்டுவந்தது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதியாக இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்திடம் பெற்ற வரைபடத்திலோ அந்தக் கழிமுகத்தின் பெரும்பகுதி காணவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து 2017இல் மீனவர்களும் சூழலியலாளர்களும் கேட்டபோது விவகாரம் மாநில அளவில் பேசப்பட்டது. அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிக் கழிமுகம் தூர்ந்துபோனதைப் பற்றி அவர்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்திருந்தார்கள். சாம்பல் வழக்கில் 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது.

ஆலை வருவதற்கு முன்பே கேட்க ஏற்பட்ட இடம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 1994ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையில் 1997இல் சேர்க்கப்பட்டு, 2006 அறிவிக்கையில் விரிவானது. கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிக்க வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும், கலெக்டரோ அவர் அனுப்பும் மூத்த அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், முழுவதும் ஒளிப்பதிவாக வேண்டும். வாக்கெடுப்பு கிடையாது, இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற வரம்பும் கிடையாது. இங்கே எதிர்ப்பு முழக்கம் எவ்வளவு உரக்க எழுந்தாலும், நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். பேச்சிலோ எழுத்திலோ வந்த குறிப்பான சுற்றுச்சூழல் கேள்விக்கு நிறுவனம் பதில் எழுதியாக வேண்டும். அறிக்கையின் இத்தனையாம் பக்கத்தில் மீன்வளம் குறைவு என்கிறீர்கள், எந்த மாதத்தில், எந்த வலையில் எடுத்த மாதிரி என்று கேட்கும் மீனவருக்குப் பதில் சொல்வது ஆலோசனை நிறுவனத்துக்குக் கடினம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கூட்டங்கள் நடக்காமல் ஒத்திவைக்கப்பட்டன. எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கு 2024 டிசம்பரில் கூட்டம் நடந்தது. பேசியவர்களில் பலர் நுரையீரல் நோயையும் சாம்பலையும் பற்றிக் கேட்டார்கள்.

விபத்தின்போது இந்த ஏற்பாடுகள் எதுவும் உதவுவதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறி ஓடியவர்களுக்குத் தேவைப்பட்டவை மூன்று தகவல்கள்: இது என்ன வாயு, எந்தப் பக்கம் ஓட வேண்டும், முகத்தில் எதைக் கட்டிக்கொள்வது. அபாயகரத் தொழிற்சாலைகள் இவற்றைச் சுற்றியுள்ள மக்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்த விதி.

தகவல் உரிமைச் சட்டமும் வந்த உருவிலேயே இல்லை. தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் நிர்ணயிக்கும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மத்திய அரசிடம் கொடுத்தது. தனிப்பட்ட தகவல் என்றால் மறுக்கலாம், ஆனால் பொதுநலன் இருந்தால் தர வேண்டும் என்றிருந்த எட்டாம் பிரிவின் ஓர் உட்பிரிவை, 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுருக்கி, தனிப்பட்ட தகவல் என்ற காரணத்தை மட்டும் வைத்தது. பொதுநலனுக்காக வெளியிடலாம் என்ற பொதுவான உட்பிரிவு அதே எட்டாம் பிரிவில் தனியே இன்னும் நீடிக்கிறது. தூர்வாரிய ஒப்பந்தக்காரரின் பெயரைக் கேட்கும் வண்ணாரப்பேட்டைக்காரர் இனி அந்த உட்பிரிவையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டு எழுத வேண்டியிருக்கும்.